வீடு முன்னே, சாலை பின்னே: தாம்பரத்துக்குத் தெற்கே திணறும் ஜி.எஸ்.டி. சாலை

சென்னை கத்திப்பாராவிலிருந்து தெற்கே செங்கல்பட்டை நோக்கிப் போகும் ஜி.எஸ்.டி. சாலை இன்று இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது. திருச்சி, மதுரை, திருநெல்வேலி என்று தென் மாவட்டங்கள் அனைத்தையும் தலைநகரோடு இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை அது. பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் மக்களுக்கோ அதுதான் கடைத்தெரு, பள்ளிக்கூட வழி, ஆபீஸ் வழி, ஆஸ்பத்திரி வழி எல்லாம். முதல் வேலைக்காகப் போட்ட சாலை இரண்டாவது வேலையின் பாரத்தில் நகர முடியாமல் நிற்கிறது.

அந்தப் பாரம், கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் இந்த ஊர்களில் எழுந்த வீடுகளிலிருந்து வருகிறது. வீடு வாங்கி வந்தவர்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. மாம்பலத்திலும் அடையாறிலும் ஒரு படுக்கையறை வீட்டுக்குக்கூடக் கை எட்டாத குடும்பங்கள், வங்கிக் கடன் தாங்கும் தூரம்வரை தெற்கே நகர்ந்து வந்தன. பிழை வேறிடத்தில் இருக்கிறது. வீட்டுக்கு அனுமதி கொடுத்தவர்கள், அந்த வீட்டிலிருந்து காலையில் கிளம்பும் வண்டி எந்த வழியாகப் போகும் என்று கணக்குப் பார்க்கவே இல்லை.

ரயிலைப் பிடித்து வளர்ந்த ஊரும், ரோட்டைப் பிடித்து வளர்ந்த ஊரும்

தாம்பரம்வரையிலான புறநகர் வளர்ந்த விதம் வேறு. 1931-ல் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாம் அந்த ரயிலைச் சுற்றி வளர்ந்தவை. ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் மனை வாங்குவதே அன்றைய கணக்கு. சீசன் டிக்கெட் இருந்தால் போதும், வண்டி வாங்க வேண்டிய தேவையில்லை. அந்த ஊர்களிலும் இன்று நெரிசல் உண்டு. ஆனால் அங்கே குடும்பத்தில் ஒருவராவது ரயிலில் வேலைக்குப் போகிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை.

தாம்பரத்தைத் தாண்டியதும் கதை மாறுகிறது. இங்கேயும் தண்டவாளம் சாலைக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. ஆனால் வீடுகள் ஸ்டேஷனைத் தேடி வரவில்லை, சாலையைத் தேடி வந்தன. 1984-ல் தாம்பரத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம், வேலையும் வீடும் ஒரே இடத்தில் அமைய வேண்டும் என்ற எண்ணத்தில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) உருவாக்கிய மறைமலை நகர், 1990-களில் அங்கே வந்த ஃபோர்டு கார் ஆலை, 2002 வாக்கில் செங்கல்பட்டுக்கு முன்னால் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி, மேற்கே ஒரகடத்தின் கார் ஆலைகள், கிழக்கே சிறுசேரியின் மென்பொருள் வளாகங்கள் என வேலை நாலா பக்கமும் சிதறியது. கணவருக்கு ஒரகடம், மனைவிக்குச் சிறுசேரி, பிள்ளைக்குப் பொத்தேரியில் கல்லூரி என்றால் குடும்பம் கூடுவாஞ்சேரியில் வீடு பார்ப்பது நியாயம்தான். ஆனால் ஒரகடத்துக்கும் சிறுசேரிக்கும் அந்த வீட்டிலிருந்து நேராக ரயில் கிடையாது. பொத்தேரிக்கு ரயில் இருந்தாலும் வீடு ஸ்டேஷனை ஒட்டி இல்லை. மூன்று பேரும் வண்டி எடுக்கிறார்கள், மூன்று வண்டிகளும் ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்துதான் ஆக வேண்டும்.

வளர்ச்சி எவ்வளவு என்று அளந்து சொல்லப் புதிய கணக்கு கையில் இல்லை என்பது இந்த விஷயத்தின் பெரிய சங்கடம். பழைய தாம்பரம் நகராட்சியின் மக்கள்தொகை 2001-ல் 1,37,933, 2011-ல் 1,74,787. அதற்குப் பிறகு கணக்கெடுப்பே நடக்கவில்லை. அடுத்தது 2027-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. இடையில் 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2021-ல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. 2022-ல் தாம்பரத்துக்கென்று தனிப் போலீஸ் கமிஷனரகம் வந்தது. நிர்வாகத்தின் பெயர்ப்பலகைகள் இத்தனை முறை மாறிய காலம் முழுவதும், சாலைக்கும் குடிநீருக்குமான திட்டங்கள் 2011-ன் எண்களை வைத்துத்தான் போடப்பட்டன. அடுக்குமாடி வளாகங்கள் பெரும்பாலும் எழுந்ததோ அதற்குப் பிறகு.

தனித்தனியே சரி, சேர்த்துப் பார்த்தால் தப்பு

ஒரு குடியிருப்புக்கு அனுமதி கிடைக்கும் வழியைப் பார்த்தால் நெரிசலின் வேர் தெரியும். சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பு நீண்ட காலமாக 1,189 சதுர கிலோமீட்டராகவே இருந்தது. தெற்கே அதன் எல்லை வண்டலூர் வட்டாரத்தோடு முடிந்துவிட்டது. எல்லைக்கு வெளியே மனைப்பிரிவுகளுக்கு அனுமதி தருவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் பொறுப்பு. நடைமுறையில் எந்த அனுமதியும் இல்லாமல் வயலை அளந்து கல் நட்டு விற்றவர்கள் ஏராளம். 2022-ல்தான் பெருநகர எல்லை 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அதற்குள் இந்தச் சாலையின் இரு பக்கமும் மனைகள் விற்றுத் தீர்ந்திருந்தன.

அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. மறு ஆண்டே அரசு வரன்முறைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒப்புதல் தரப்பட்டது. சேமிப்பையெல்லாம் போட்டு மனை வாங்கியவர்களுக்கு அது அவசியமான நிம்மதி. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மனை வரன்முறையானதால் தெரு அகலமாகிவிடவில்லை. 20 அடித் தெரு 20 அடியாகவே நின்றது. அதன் இரு பக்கமும் தனி வீடுகள் இருந்த இடத்தில் மூன்று மாடி, நான்கு மாடிக் குடியிருப்புகள் வந்தன.

பெரிய வளாகங்களுக்கு விதிகள் கடுமையானவை என்று சொல்லலாம். 18.30 மீட்டருக்கு மேல் உயரும் கட்டடத்துக்குத் தீயணைப்புத் துறை, போக்குவரத்துப் போலீஸ், விமானப்படை என்று பல இடங்களில் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பத்தில் போக்குவரத்துப் பாதிப்பும் ஆராயப்படுகிறது. ஆனால் ஒவ்வொரு விண்ணப்பமும் தன்னை மட்டும்தான் பார்க்கிறது. என் வாசலில் இவ்வளவு வண்டி, எதிரே உள்ள சாலை இத்தனை அடி, ஆகவே சரி. பக்கத்துச் சர்வே எண்ணில் இன்னொரு வளாகம் அதே கணக்கை, அதே சாலையைக் காட்டி, அதே மாதிரி 'சரி' வாங்குகிறது. 20,000 சதுர மீட்டருக்குக் கீழே நிறுத்திக்கொள்ளும் கட்டுமானங்களுக்கு அந்த ஆய்வும் இல்லை. எல்லா 'சரி'களையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்கும் மேசை எந்த அலுவலகத்திலும் இல்லை. இந்தக் கட்டுரை சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான்.

கட்டட விதிகள் இன்னொரு பக்கம் அடர்த்தியைக் கூட்ட வழி விட்டிருக்கின்றன. 2019-ன் ஒருங்கிணைந்த விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு, 2. உயர்மாடிக் கட்டடத்துக்கு 3.25. சாலை அகலமாக இருந்தால் அதற்கு மேலும் பணம் கட்டிக் கூடுதல் பரப்பு வாங்கலாம். அடர்த்தி தன்னளவில் கெடுதல் இல்லை. ரயில் நிலையத்தை ஒட்டி அடர்த்தி வந்தால் நகரத்துக்கு நல்லது. இங்கே அடர்த்திக்கு அளவுகோலாக வைத்திருப்பது வாசலில் உள்ள சாலையின் அகலத்தை. பொதுப் போக்குவரத்து எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை. அகலச் சாலை என்றால் இந்த வட்டாரத்தில் நெடுஞ்சாலை, வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை, வண்டலூர்–வாலாஜாபாத் சாலை. ஆக, விதியே வீடுகளை நெடுஞ்சாலை ஓரத்துக்குக் கூட்டி வருகிறது.

கட்டுபவர்களிடம் உள்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் என்று ஒன்று வசூலாகிறது. வீடு வாங்குபவர் கொடுக்கும் விலையில் அதுவும் அடக்கம். ஆனால் அந்தப் பணம் மாநில அளவிலான நிதிக்குப் போகிறது. எந்த ஊரில் வசூலானதோ அந்த ஊரின் சாலைக்கும் வடிகாலுக்கும்தான் செலவாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஊரப்பாக்கத்தில் ஆயிரம் வீடுகள் கட்டப்பட்டால், ஊரப்பாக்கத்தின் உள்சாலைக்கு என்ன கிடைத்தது என்று கேட்கும் உரிமையாவது அங்கே வசிப்பவர்களுக்கு வேண்டும்.

சுவரில் முடியும் தெரு

ஒரு மனைப்பிரிவின் வரைபடத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் மற்ற எல்லாம் விளங்கும். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே 30 அடியில் ஒரு நுழைவுச் சாலை. அதிலிருந்து வலதும் இடதுமாக 20 அடி, 24 அடிக் குறுக்குத் தெருக்கள். கடைசிக் குறுக்குத் தெருவின் முனையில் ஒரு காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் போட்ட மனைப்பிரிவு. அதற்கும் நெடுஞ்சாலையிலிருந்து தனி நுழைவு, தனிக் குறுக்குத் தெருக்கள், தனிச் சுவர். இரண்டு தெருக்களுக்கும் நடுவே இருப்பது ஒரு செங்கல் தடிமன்தான். ஆனால் இந்தத் தெருவில் இருப்பவர் அந்தத் தெருவிலுள்ள மருந்துக் கடைக்குப் போக வேண்டுமானால் நெடுஞ்சாலைக்கு வந்து, சர்வீஸ் ரோட்டில் ஏறி, அடுத்த நுழைவில் உள்ளே திரும்ப வேண்டும்.

இப்படி அடுத்தடுத்து நாற்பது மனைப்பிரிவுகள் இருந்தால், நாற்பதுக்கும் பொதுவான ஒரே சாலை தேசிய நெடுஞ்சாலைதான். பால் வாங்கவும் பிள்ளையை டியூஷனில் விடவும் மாவு அரைக்கவும் மக்கள் திருச்சி பஸ்ஸோடும் கண்டெய்னர் லாரியோடும் சேர்ந்து போகிறார்கள். நெடுஞ்சாலைக்கு இணையாக, ஊருக்குள்ளேயே ஊரப்பாக்கத்திலிருந்து கூடுவாஞ்சேரிக்கும் பொத்தேரிக்கும் போகும் ஓர் அகலமான உள்சாலை இருந்திருந்தால் இந்த ஓட்டத்தில் பெரும்பகுதி நெடுஞ்சாலைப் பக்கமே வந்திருக்காது. நிலம் வயலாகக் கிடந்த நாளில் அப்படியொரு சாலைக்குக் கோடு போட்டுவைக்கச் செலவே இல்லை. இன்று அதற்கு வீடுகளை இடிக்க வேண்டும்.

நடுவில் மீடியன் இருப்பதால் திசை மாறுவது இன்னொரு பாடு. தெற்கு நோக்கிய பக்கத்தில் வீடு. ஆபீஸ் வடக்கே கிண்டியில். முதலில் தெற்கே போய் யூ-டர்ன் எடுத்துத் திரும்பி வர வேண்டும். அந்தத் திருப்பத்தில் கார் நிற்கும்போது வலது ஓரத் தடம் அடைபடுகிறது. வேகமாக வருகிற தூர வண்டிகளுக்கான தடம் அதுதான். அந்தச் சுற்றுக்குப் பொறுமை இல்லாத இரு சக்கர வாகனக்காரர் சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் ஓட்டுகிறார். அது குற்றம்தான், அபாயமும்தான். அந்தக் குற்றத்தை ஒவ்வொரு நாளும் ஆயிரம் பேரிடம் வரவழைக்கும் அமைப்பும் பொறுப்பேற்க வேண்டும்.

எட்டு வழி போட்டும் ஏன் போதவில்லை

தாம்பரம்–திண்டிவனம் பகுதி 2000-களின் முற்பாதியில் நான்கு வழியானது. பிறகு பெருங்களத்தூரிலிருந்து மஹிந்திரா சிட்டிப் பக்கம்வரை கட்டம் கட்டமாக எட்டு வழியாக அகலப்படுத்தினார்கள். வண்டலூரில் மேம்பாலம் வந்தது. பெருங்களத்தூரிலும் பல ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் மேம்பாலம் வந்தது. ஒவ்வொன்றும் திறந்தபோது கொஞ்ச நாள் மூச்சு விட முடிந்தது. பிறகு பழையபடி ஆனது.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு சாலை எவ்வளவு வண்டி தாங்கும் என்பதை இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-ல் வெளியிட்ட நகர்ப்புற வழிகாட்டுதல் கார் அலகுகளில் சொல்கிறது. மீடியன் உள்ள நான்கு வழிப் பெருஞ்சாலை இரு திசையும் சேர்த்து மணிக்கு 3,600 கார் அலகு தாங்கும். எட்டு வழி என்றால் 7,200. ஆனால் அது ஓரத்தில் வாசல்களும் நிறுத்திய வண்டிகளும் இல்லாத, குறுக்குப் போக்குவரத்து மிகக் குறைந்த சாலைக்கான எண். அதே நான்கு வழிச் சாலையில் ஓரத்து வாசல்கள் திறந்தால் 2,900-ஆக இறங்குகிறது. கடையும் பார்க்கிங்கும் குறுக்கே பாய்வதும் சேர்ந்தால் இன்னும் கீழே போகிறது. அதாவது, தார் போட்ட அகலம் குறையாமலே சாலை சுருங்குகிறது. ஜி.எஸ்.டி. சாலைக்கு நடந்தது இதுதான். பணம் போட்டு அகலப்படுத்தியதில் ஒரு பங்கை ஓரத்து வாசல்கள் திருப்பி எடுத்துக்கொண்டன.

மறுபக்கக் கணக்கு. ஆயிரம் வீடுகள் உள்ள ஒரு வளாகத்திலிருந்து காலை எட்டு முதல் ஒன்பது மணிக்குள் பாதி வீடுகளிலிருந்து ஒரு கார் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 500 கார். எட்டு வழிச் சாலை அப்பழுக்கில்லாமல் ஓடினால் ஒரு திசைக்கு 3,600. ஏழு வளாகங்கள் போதும், திருச்சியிலிருந்து வரும் பஸ்களுக்கு ஏறக்குறைய இடமில்லாமல் சாலை நிரம்பிவிடும். காருக்குப் பதில் பைக் என்றாலும் பெரிய விடுதலை இல்லை. இரு சக்கர வாகனங்கள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஓடும் சாலையில் ஒரு பைக்கை முக்கால் கார் அலகாக எண்ண வேண்டும் என்கிறது அதே வழிகாட்டுதல்.

சாலையை அகலப்படுத்தினால் அதை நம்பி மேலும் வீடுகளும் வண்டிகளும் வந்து சேரும் என்பது பொருளியலில் நெடுநாளாகத் தெரிந்த விஷயம். அமெரிக்க நகரங்களின் தரவுகளை ஆராய்ந்த டுராண்டன், டர்னர் என்ற இரு பொருளியலாளர்கள் நெடுஞ்சாலைத் தடம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறத்தாழ அதே விகிதத்தில் வண்டி ஓடும் தூரமும் கூடுகிறது என்று 2011-ல் காட்டினார்கள். அவர்களின் ஆய்வைப் படித்திராத ரியல் எஸ்டேட் விளம்பரக்காரருக்கும் இது தெரியும். எட்டு வழிச் சாலை, மேம்பாலம், பேருந்து நிலையம் என ஒவ்வொரு அறிவிப்பும் அடுத்த வார விளம்பரத்தில் "வெகு அருகில்" என்று இடம் பிடித்துவிடுகிறது.

சென்னைக்கே இதில் முன் அனுபவம் உண்டு. மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரிவரை ராஜீவ் காந்தி சாலை 2008-ல் ஆறு வழியானது. அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் இரு பக்கமும் எழுந்தன. மெட்ரோ வேலை தொடங்கியது அதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து. அதுவும் நிரம்பி வழிந்த சாலையின் நடுவிலேயே தடுப்புப் போட்டு. ஜி.எஸ்.டி. சாலையும் அதே வரிசையில்தான் போகிறது.

திட்டத்தில் இல்லாத லாரிகள்

வீடுகளோடு சேர்ந்து வரும் ஒரு போக்குவரத்து எந்தத் திட்ட அறிக்கையிலும் பெரிதாகப் பேசப்படுவதில்லை. அது தண்ணீர் லாரி. குழாய் இணைப்பு எட்டாத வளாகங்கள் கோடையில் ஆழ்துளைக் கிணறு கைவிட்டதும் லாரியை நம்புகின்றன. நகர்ப்புறத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் அளவுகோல். 300 வீடு, வீட்டுக்கு நான்கு பேர் என்றால் நாளைக்கு 1,62,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 13 அல்லது 14 நடை. போக வர என்று பார்த்தால் 27 முறை ஒரு கனரக வண்டி அந்த 30 அடிச் சாலையில் நுழைந்து வெளியேற வேண்டும். வளாகத்தின் வாசலில் லாரி திரும்பும்வரை பள்ளி வேன் காத்திருக்கிறது. வேனுக்குப் பின்னால் ஆட்டோ. வரிசை சர்வீஸ் ரோடுவரை நீள்கிறது. தார் பெயர்ந்து பள்ளமானால் அதை நிரப்புவது ஊராட்சியோ நகராட்சியோ. லாரி வரவழைத்த குடியிருப்புக்கு அனுமதி தந்தது வேறு அலுவலகம். நீண்ட காலம் கிராம ஊராட்சியாக இருந்த ஊரப்பாக்கம் போன்ற ஊர்களுக்கு இந்தச் சுமையைத் தாங்கும் வருமானமும் இல்லை, பொறியாளரும் இல்லை.

கழிவுநீர் லாரிகள் இதே கதையின் மறுபாதி. மழைக்காலத்தில் மூன்றாவது கதை. ஏரி உபரி நீர் அடையாற்றை நோக்கிப் போன வழிகளில் மனை போட்டதால், பெருமழையில் தாழ்வான தெருக்கள் மூழ்குகின்றன. 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்டது எல்லாருக்கும் தெரியும். உள்தெரு மூழ்கினால் வண்டிகளுக்கு மிச்சம் நெடுஞ்சாலை மட்டும்தான்.

கிளாம்பாக்கம்: வரிசை தவறிய திட்டம்

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. 88 ஏக்கர், செலவு சுமார் 394 கோடி ரூபாய். தென் மாவட்ட பஸ்கள் கோயம்பேடுவரை நகரத்துக்குள் வந்து திரும்புவதைத் தவிர்ப்பது நல்ல நோக்கம். அதில் இரு கருத்துக்கு இடமில்லை. முனையத்துக்கு எதிரே சாலையைத் தாண்டினால் ரயில் பாதை. ஆனால் திறந்த நாளில் அங்கே ரயில் நிலையம் இல்லை. மெட்ரோவும் விமான நிலையத்தோடு நின்றிருந்தது. விடியற்காலையில் மூட்டை முடிச்சோடும் குழந்தைகளோடும் இறங்கியவர்கள் மாநகர பஸ்ஸையும் ஆட்டோவையும் காரையும் பிடித்து அதே ஜி.எஸ்.டி. சாலையில் நகரத்துக்குள் போக வேண்டியிருந்தது. அதுவரை ஒரே பஸ்ஸில் ஐம்பது பேராக வந்தவர்கள், இறங்கி இருபது வண்டிகளாகப் பிரிந்து போனார்கள்.

விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம்வரை 15.46 கிலோமீட்டர் மெட்ரோவுக்குத் திட்ட அறிக்கை தயாராகியிருக்கிறது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் வழியாக 13 நிலையங்கள். நிலம் எடுக்க மாநில அரசு 2025-ல் சுமார் 1,964 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. ரயில் ஓட இன்னும் பல ஆண்டுகள் ஆகும். ரயில் நிலையம், மெட்ரோ, பிறகு முனையம் என்று இருக்க வேண்டிய வரிசை தலைகீழானது.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய இரவுகளில் இந்தச் சாலையின் நிலைமையைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்க்கிறது. போலீசார் கனரக வாகனங்களை வெளிவட்டச் சாலைக்குத் திருப்புவார்கள். கார்களைக் கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போகச் சொல்வார்கள். பண்டிகை முடிந்து செய்தி மறைந்துவிடும். அந்த ஓரத்தில் குடியிருப்பவர்களுக்கு அதில் பாதி அளவாவது ஒவ்வொரு திங்கட்கிழமைக் காலையிலும் உண்டு.

குடியிருப்பவர்கள் கேட்பது

இந்த ஊர்களின் குடியிருப்போர் நலச் சங்கங்கள் மனு எழுதும்போது முதலில் கேட்பது மேம்பாலத்தை அல்ல. சாலையைக் கடக்க ஒரு வழி கேட்கிறார்கள். எட்டு வழி, சர்வீஸ் ரோடு, அதைத் தாண்டித் தண்டவாளம். ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் ஸ்டேஷன். நடைமேம்பாலம் தொலைவில் இருந்தாலோ படி ஏற முடியாத வயதானாலோ மீடியன் இடைவெளியில் நின்று கடக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2022-ல் மட்டும் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின, நாட்டிலேயே அதிகம். 17,884 பேர் இறந்தார்கள். நெடுஞ்சாலை ஊருக்குள் ஓடும் இடங்களில்தான் நடந்து போகிறவருக்கும் பைக்கில் போகிறவருக்கும் ஆபத்து மிகுதி. சாலையை எட்டு வழியாக்கும்போது கடப்பதற்கான வழியையும் அதே ஒப்பந்தத்தில் சேர்த்துக் கட்டாதது மன்னிக்கக்கூடிய மறதி இல்லை.

அடுத்தது ஆம்புலன்ஸ். மாரடைப்பு வந்தவரைத் தாம்பரத்துக்கோ குரோம்பேட்டைக்கோ கொண்டுபோக ஒரே சாலைதான். அது நின்றால் மாற்று வழி இல்லை. அதற்கடுத்து, பொறுப்பு யாருடையது என்ற கேள்வி. நெடுஞ்சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடம், சிக்னல் போலீசிடம், உள்தெரு உள்ளாட்சியிடம், கட்டட அனுமதி சி.எம்.டி.ஏ.விடம் அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககத்திடம். தண்டவாளம் தெற்கு ரயில்வேயிடம். இவற்றையெல்லாம் ஒரே குடையின் கீழ் கொண்டுவரத்தான் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-லேயே சட்டம் போட்டார்கள். அது செயல்படத் தொடங்கவே பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. இடைப்பட்ட அந்தப் பத்தாண்டில்தான் இந்த வீடுகளில் பெரும்பாலானவை எழுந்தன.

தீர்வுகளில் எது தீர்வு

பேச்சில் உள்ள திட்டங்கள் பல. தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே உயர்மட்டச் சாலை வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. எண்ணூர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வழியாக மாமல்லபுரத்துக்குச் சுமார் 133 கிலோமீட்டர் புறவட்டச் சாலை கட்டப்படுகிறது. இரண்டும் தூரப் போக்குவரத்துக்கு உதவும். கண்டெய்னர் லாரியும் மதுரை பஸ்ஸும் மேலே போனால் கீழே கொஞ்சம் இடம் கிடைக்கும். ஆனால் கீழே உள்ள நெரிசலில் பெரும்பங்கு உள்ளூர் வண்டிகளுடையது. அவற்றுக்கு உயர்மட்டச் சாலையால் பயன் குறைவு. புறவட்டச் சாலை சிங்கப்பெருமாள் கோவிலைத் தொடும் இடத்தில் இப்போதே மனை விற்பனை சூடு பிடித்திருக்கிறது. அங்கேயும் விதி இல்லாமல் விட்டால் பத்தாண்டில் இன்னொரு ஊரப்பாக்கம் உருவாகும்.

உண்மையில் பயன் தரக்கூடியவை செலவு குறைந்தவை. தாம்பரம்–செங்கல்பட்டு மூன்றாவது ரயில் பாதை வந்துவிட்டது. 2025 ஏப்ரலில் குளிர்சாதன மின்சார ரயிலும் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுவரை ஓடத் தொடங்கியது. தாம்பரத்தோடு திரும்பிவிடும் வண்டிகளைக் கூடுவாஞ்சேரிவரையாவது நீட்டினால், ஸ்டேஷனிலிருந்து உள்தெருக்களுக்குச் சிற்றுந்து ஓடினால், பைக்கை வீட்டில் விடப் பலர் தயார். ரயில் நேரமும் சிற்றுந்து நேரமும் பொருந்த வேண்டும், அவ்வளவே. மனைப்பிரிவுகளுக்கு நடுவே நிற்கும் சுவர்களில், இரு பக்கமும் பொதுத் தெருவாக இருக்கும் இடங்களில் வழி திறந்துவிட உள்ளாட்சி முன்வந்தால் நெடுஞ்சாலைக்கு வரும் சில்லறைப் போக்குவரத்து குறையும். புதிய வளாகத்துக்கு அனுமதி தரும் முன் அந்தச் சாலையில் ஏற்கெனவே அனுமதி பெற்றவை எத்தனை வண்டிகளைச் சேர்க்கும் என்ற மொத்தக் கணக்கைப் பார்க்க விதி வேண்டும். அந்தக் கணக்கைப் பொது வெளியில் வைக்க வேண்டும். உள்கட்டமைப்புக் கட்டணத்தில் ஒரு பங்கு வசூலான ஊரிலேயே செலவாக வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் இப்போது ஒரு வாய்ப்பு இருக்கிறது. சென்னைப் பெருநகரப் பகுதிக்காக 2008-ல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026-ல் முடிகிறது. 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது திட்டத்தை சி.எம்.டி.ஏ. தயாரித்து வருகிறது. வரைவு வெளியானதும் மக்களிடம் ஆட்சேபணையும் ஆலோசனையும் கேட்க வேண்டும் என்பது சட்டம். ஊரப்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும் கண்டிகையிலும் மாம்பாக்கத்திலும் வீடு வைத்திருப்பவர்கள் அந்த வரைபடத்தில் தங்கள் சர்வே எண்ணைத் தேடிப் பாருங்கள். நெடுஞ்சாலைக்கு இணையான உள்சாலைக்குக் கோடு போட்டிருக்கிறார்களா, ஸ்டேஷனுக்குப் போகும் வழி காட்டப்பட்டிருக்கிறதா, பக்கத்து வயலுக்கு எத்தனை மாடி அனுமதித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இல்லையென்றால் குறித்த நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். நலச் சங்கத்தின் பெயரிலும் கொடுங்கள். வயல்கள் வயலாக இருக்கும் இடங்கள் இந்தச் சாலையோரத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. அங்கே சாலைக்குக் கோடு போட இதுதான் நேரம்.